அப்பு என்று கூப்பிட்ட ஆறு வாரங்கள்

அவர் முதல் தடவை அப்படி நின்றதைக் குறித்துவைத்திருக்கிறேன். காலை ஏழு பத்து. கட்டிலின் கால்மாட்டுக்கு ஓரடி தள்ளி, பைஜாமாவுடன், வெறுங்காலில் நின்றார். குதிகள் இரண்டும் ஒட்டியிருந்தன. வலது கை தொடையோடு சேர்ந்து நேராகத் தொங்கியது. இடது கை மட்டும் முழங்கையில் மடிந்து, விலாவிலிருந்து ஒரு சாண் விலகியிருந்தது. கண்கள் என் தோளுக்கு மேலாக எதிர்ச் சுவரைப் பார்த்தன. அவருக்கு வயது தொண்ணூற்று நான்கு. அதற்கு முந்தின நாள்வரை இரண்டு பேர் பிடித்தால்தான் கட்டிலிலிருந்து எழும்பக்கூடியவர்.

நாற்காலியைப் பின்னால் கொண்டுவந்து வைத்தேன். உட்காரச் சொன்னேன். தோளைத் தொட்டேன். அவர் அசையவில்லை. பதினெட்டு நிமிடம் நின்றார். பிறகு முழங்கால்கள் மடிந்தன. நான் பக்கத்தில் நின்றபடியால் பிடித்துக்கொண்டேன்.

மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள அந்த முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு ஊழியன். எழுப்புவது, கழுவுவது, உடுத்துவது, ஊட்டுவது. அதற்கு முன்பு ஊரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பதினொரு வருடம் ஒப்புநோக்காளராக இருந்தேன். அச்சுக்குப் போகுமுன் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை. செய்தியை எழுதியவரே அதை ஒப்புநோக்கக் கூடாது என்பது எங்கள் மேசையின் சட்டம். எழுதியவர் தாளில் இருப்பதை வாசிக்கமாட்டார். தான் எழுத நினைத்ததைத்தான் வாசிப்பார். அந்த வேலையிலிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு கண்ணாடியும், சட்டைப்பையில் சின்னக் குறிப்புப் புத்தகம் வைத்திருக்கும் பழக்கமும்.

அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். போலந்தில் ஒரு சிறு நகரத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் நாஜிகளின் முகாமுக்குப் போய், பதினான்கு வயதில் வெளியே வந்தவர். மொன்றியலுக்கு வந்து, நகரத்தின் நடுவில் ஒரு தையல் ஆலையில் ஓய்வு பெறும்வரை மேலங்கிக்குத் துணி வெட்டினார். மனைவி இறந்துவிட்டார். ஒரு மகள். கையில் எண் பச்சை குத்தியிருந்தது என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் எதிர்பார்த்தது கிடைத்துவிடும். அவர் கையில் எண் இல்லை. அவர் இருந்த முகாமில் எண்ணை உடுப்பில் தைத்தார்கள்.

முகாம்களிலிருந்து வந்தவர்கள் ஒரு காலத்தில் அந்த மாடியில் நிறையப் பேர் இருந்தார்களாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று பேர். இப்போது அவர் ஒருவர்தான். அப்படியானவர்களைப் பராமரிக்கும் ஊழியர்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுப்பார்கள். குளிக்க வற்புறுத்தக் கூடாது. மேசை லாச்சிக்குள் தின்னாமல் ஒளித்துவைத்த பாண் துண்டு இருந்தால் எடுக்கக் கூடாது. கனமான சப்பாத்து போட்டு நடக்கக் கூடாது. கதவைப் பூட்டக் கூடாது. இந்தக் கடைசி வரியின் கீழ் அவருக்காக யாரோ கோடு போட்டிருந்தார்கள். அவர் வீட்டில் இருந்த காலத்தில் கழிப்பறைக் கதவையே கழற்றிவைத்திருந்தவர் என்று அந்தத் தாளின் ஓரத்தில் எழுதியிருந்தது.

அந்தத் தாளில் இருந்த எதையும் நான் மீறவில்லை.

ஜனவரித் தொடக்கத்தில் என்னை மாலை வேலையிலிருந்து காலை வேலைக்கு மாற்றினார்கள். முதல் இரண்டு நாள் அவரிடம் ‘பொன்சூர், மெஸ்யு’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிரெஞ்சும் ஆங்கிலமும் அவரை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல். சிறுவயதில் பேசிய யூத மொழியான இத்திஷில் மட்டும் சில சொற்கள் மிச்சம். மூன்றாம் நாள் என்னை அறியாமல் ‘அப்பு’ என்று வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வயதான ஆண் யாரென்றாலும் அப்புதான். என்னோடு வேலை செய்த, எங்கள் ஊர்ப்பக்கம் வடமராட்சியிலிருந்து வந்த பெண் அந்த மாடியின் கிழவிகள் எல்லாரையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். வசிப்பவர்களோடு பிரெஞ்சு அல்லது ஆங்கிலம் என்று ஒரு விதி உண்டு. அதை யாரும் தூக்கிப் பிடித்ததில்லை.

அப்பு என்றதும் அவர் தலையைத் திருப்பினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றிலிருந்து வேறு சொல் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்தான் அவர் முதல் தடவை நின்றதும். அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

குறிப்புப் புத்தகத்தில் தேதி, நேரம், எவ்வளவு நிமிடம் நின்றார், விழுந்தாரா என்று நான்கு கட்டங்கள் போட்டேன். பனி அள்ளும் வண்டி வருமுன், தெருவில் நிறுத்திய கார்களை எடுக்கச் சொல்லி இங்கே ஊளைச் சங்கு ஊதுவார்கள். அந்தச் சத்தம்தான் என்று முதலில் நினைத்தேன். தலைமைத் தாதியும் அப்படித்தான் நினைத்தார். ஐந்தாவது கட்டமாகச் சங்கையும் சேர்த்தேன். பொருந்தவில்லை. சங்கு ஊதாத நாளிலும் நின்றார். நான் லீவில் இருக்கும் நாட்களில் எனக்குப் பதிலாக ஒரு ஹெய்ட்டிப் பெண் வருவாள். அந்த நாட்களுக்குக் கோப்பில் அவள் எழுதியது ஒரே சொல்: அமைதி. அவள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். என் புத்தகத்தில் அந்த நாட்களுக்குக் கட்டமே இல்லை. நான் இல்லாத நாட்களை நான் எப்படிக் குறிப்பது?

ஆறு வாரத்தில் மூன்று தடவை விழுந்தார். மூன்றாவது தடவை நான் துவாய் எடுக்கத் திரும்பிய நேரம். நெற்றியில் நான்கு தையல்.

வடமராட்சிப் பெண் சாப்பாட்டு அறையில் என்னைக் கேலி செய்வாள்.

“பேப்பர்காரர் வந்திட்டார். ஒருத்தரும் வாய் திறவாதேங்கோ, நாளைக்கு முதற்பக்கத்திலை வந்திடும்.”

“படத்தோட போடுறன்.”

“ஐயோ அண்ணை, மேக்கப் போட்டுக்கொண்டு வாறன், பேந்து எடுங்கோ.”

ஒரு நாள் அப்படிச் சிரித்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னாள்.

“உங்கடை அப்புவை ரெண்டாம் மாடிக்கு விடப் போயினமாம். வியாழக்கிழமை கூட்டமாம்.”

“ஆர் சொன்னது?”

“எல்லாருக்கும் தெரியும். காரணமில்லாமல் எழும்பி நிக்கிறார், விழுறார். மேலை வைச்சுப் பாக்கேலாதாம். அந்தக் கதவுக்குள்ளை போனால் அந்தாள் தாங்காதண்ணை.”

இரண்டாம் மாடி பூட்டிய மாடி. லிப்டிலிருந்து இறங்கினால் ஒரு இரும்புக் கதவு. பக்கத்தில் எண் அமுக்கும் பெட்டி. ஞாபகம் இழந்து வெளியே போய்விடக் கூடியவர்களுக்கான இடம் அது. மோசமான இடமில்லை, சுவரில் படங்கள் உண்டு, மீன்தொட்டி உண்டு. ஆனால் கதவு பூட்டியிருக்கும்.

மகள் கூட்டத்துக்கு முன்பு தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே வந்தார். எழுபதை நெருங்கிய பெண். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு அறைக்குள் வந்து, மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீங்கள்தானா குறிப்பெழுதுகிறவர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆம்.”

“வழக்கமாக என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். நான் இல்லையென்று நினைத்துக்கொள்ளுங்கள்.”

வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். விளக்கைப் போட்டேன். கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினேன். அவர் தலைக்குக் கிட்டக் குனிந்து, காது கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்துச் சொன்னேன்: “அப்பு, எழும்புங்கோ.”

அவர் எழுந்தார். போர்வை கீழே விழுந்தது. கட்டிலின் கால்மாட்டுக்கு நடந்துபோய்க் குதிகளைச் சேர்த்து நின்றார். இடது கை மடிந்தது.

நான் கடிகாரத்தைப் பார்த்துப் புத்தகத்தை எடுத்தேன். மகளும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தகப்பனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“இப்போது என்ன சொன்னீர்கள்?”

“எழும்பச் சொன்னேன்.”

“அந்தச் சொல். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள். வேண்டாம், இங்கே வேண்டாம். வெளியே வாருங்கள்.”

நிற்கிறவரைத் தனியே விட முடியாது. தாழ்வாரத்தில் போன வடமராட்சிப் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வெளியே போனேன். அங்கே அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லாக, பிரித்து. அப்பு. எழும்புங்கோ. முதலாவது தாத்தா மாதிரி ஒரு சொல், மரியாதையும் பாசமும் உள்ளது என்று விளக்கினேன்.

“அப்படியில்லை,” என்றார். “உள்ளே சொன்ன மாதிரிச் சொல்லுங்கள்.”

உள்ளே சொன்ன மாதிரிச் சொன்னேன். அப்பெழும்புங்கோ.

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம்தான். குற்றியலுகரத்துக்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து வந்து நின்றால் உகரம் போய்விடும். அப்புவும் எழும்புவும் சேர்ந்தால் அப்பெழும்பு. எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். ளகரம் அறியாத காதுக்கு அது லகரம். அப்பெல். பதினொரு வருடம் மற்றவர்களின் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தியவன், என் வாயில் வந்த புணர்ச்சியை அன்றுதான் கேட்டேன்.

“அப்பெல் என்றால் கணக்கெடுப்பு,” என்றார் மகள். “முகாமில் காலையும் மாலையும் வெளியே நிறுத்தி எண்ணுவார்கள். எண் சரிவரும்வரை நிற்க வேண்டும். காலையில் படுக்கைக் கொட்டிலுக்குள் ஒருவன் வந்து தலைக்கு மேல் இதைத்தான் கத்துவான். அப்பாவுக்கு நல்ல ஞாபகம் இருந்த காலத்தில் அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரே ஜெர்மன் சொல் இது. வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்லித்தந்தார்.”

உள்ளே அவர் நின்றுகொண்டிருந்தார். நானும் மகளும் வாசலில் நின்று அவரைப் பார்த்தோம்.

இடது கையைப் பற்றிக் கேட்டேன். மருத்துவர் அதைச் சின்னப் பக்கவாதம் என்று எழுதியிருந்தார்.

மகள் கதவுச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு, குரலை ஏற்றாமல், வகுப்பில் பாடம் சொல்வது போலச் சொன்னார். தகப்பனுக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவர் முகாமில் கூடவே இருந்தார். கடைசிக் கிழமைகளில் அவருக்குக் காய்ச்சல். கணக்கெடுப்பில் விழுந்தவர்களை அப்புறப்படுத்துவார்கள். அதனால் தம்பி அண்ணனை இடப் பக்கத்தில் நிறுத்தி, அவரது கையைத் தன் முழங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வெளியே தெரியாத மாதிரி. கடைசி நாள் காலையும் எண்ணத் தொடங்கினார்கள். பாதியில் காவலர்கள் ஒவ்வொருவராக வாசல் பக்கம் போனார்கள். பட்டியல் வைத்திருந்தவன் அதை நிலத்தில் போட்டுவிட்டுப் போனான். யாரும் அசையவில்லை. கலையலாம் என்று யாரும் சொல்லவில்லை. அது ஒரு சூழ்ச்சி என்று நினைத்தார்கள். மத்தியானம் அளவில் முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தார். சுடும் சத்தம் கேட்கவில்லை. அதன் பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். பின்னேரம் நேச நாட்டுப் படையினர் உள்ளே வந்தபோது தகப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். முழங்கைக்குள் இருந்த அண்ணன் இறந்து சில மணி நேரம் ஆகியிருந்தது.

“விடுதலை எப்போது என்று கேட்டால் அப்பா பின்னேரம் என்று சொல்லமாட்டார். காலையில் என்பார். காலையிலேயே விடுதலை, எங்களுக்குத் தெரியாது என்பார்.”

அன்று அவர் இருபத்தாறு நிமிடம் நின்றார். குறித்தேன்.

நானும் எண்ணப்பட்டவன். எங்கள் நாட்டில் போர் முடிந்த பிறகு சில மாதம் முள்கம்பிக்குள் இருந்தேன். எங்கள் ஆட்கள் அதைக் காம்ப் என்பார்கள். ஆமியின் இடமும் காம்ப், அகதியின் இடமும் காம்ப். இங்கே பிறந்தநாள் விழாவில் கேக் தட்டோடு நின்றுகொண்டு, காம்பிலை இருக்கேக்கை என்று கதை தொடங்குவோம். எங்களை நிலத்தில் இருத்தி எண்ணினார்கள். முடிந்ததும் ஒருவன் கையை ஆட்டுவான், நாங்கள் எழும்புவோம். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க நான் விரும்பவில்லை. அளவு வேறு, நோக்கம் வேறு. மகளிடமும் சொல்லவில்லை. ஆனால் எண்ணி முடியுமுன் அசையக் கூடாது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் வடமராட்சிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எழுதப் போறியளோ?”

“ஓம்.”

“உங்களுக்கென்ன விசரே? சொல்லை விட்டிட்டால் சரிதானே. நாளைக்குப் பொன்சூர் எண்டு சொல்லுங்கோ. ஆர் கேக்கப் போயினம்?”

“காரணம் எழுதாட்டி வியாழக்கிழமை ரெண்டாம் மாடிக்கு அனுப்பிப் போடுவினம். கோப்பிலை காரணம் இல்லை எண்டுதான் கிடக்கு.”

“எழுதினால் எங்கள் எல்லாற்றை வாய்க்கும் பூட்டு. சாப்பாட்டு அறையிலையும் பிரெஞ்சிலைதான் கறி உறைக்குது எண்டு சொல்ல வேணும். என்ரை ஆச்சிமாரை நான் என்னெண்டு கூப்பிடுறது? மதாம் எண்டோ? ஒரு ஆச்சி அந்தச் சொல்லுக்கு மட்டும்தான் வாய் திறந்து சாப்பிடுது, தெரியுமோ?”

தெரியும் என்றேன்.

“மூண்டு தரம் விழுந்தது உங்கடை தலையிலைதான் விழும்.”

“என்ரை தலைதானே.”

“பேப்பர்காரர்,” என்றாள். இந்தத் தடவை அதில் கேலி இல்லை. பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அறிக்கையைப் பிரெஞ்சில் எழுதினேன். ஏழு வரி. காரணம்: கீழே கையெழுத்திட்டவர் தன் மொழியில் சொன்ன இரண்டு சொற்கள், சேர்ந்து ஒலிக்கும்போது முகாமில் பயன்பட்ட ஒரு கட்டளையைப் போலக் கேட்கின்றன. கையெழுத்திட்டவர் வேலையில் இல்லாத நாட்களில் வசிப்பவர் அமைதியாக இருந்ததாகக் கோப்பில் உள்ளது. அந்தப் பதிவுகள் சரியானவை. அந்தக் கடைசி வரியை ஹெய்ட்டிப் பெண்ணுக்காக எழுதினேன். அவள் அதை ஒருபோதும் வாசித்திருக்கமாட்டாள்.

தலைமைத் தாதி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வாசித்தார். கியூபெக்கின் வடக்கிலிருந்து வந்த பெண். கோபத்தைக் குரலில் காட்டாதவர்.

“அப்படியானால் ஆறு வாரமும் நீங்கள்தான்.”

“ஆம்.”

“இந்தக் கட்டடத்தில் நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்பெல் என்று சொல்கிறோம்? டெலிபோன் வந்தால் அப்பெல், கட்டில் மணி அடித்தால் அப்பெல். பிரெஞ்சில் அதுதானே சொல். அதற்கெல்லாம் அவர் எழும்பவில்லையே.”

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். “காலையில், விளக்கைப் போட்டு, படுத்திருப்பவரின் தலைக்கு மேல் குனிந்து, எழும்பு என்ற தொனியில் யாரும் அதைச் சொல்வதில்லை. நான் சொன்னேன்.”

அவர் தாளை மறுபடி வாசித்தார். பிறகு மேசையில் வைத்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இதை எழுதியது நல்லது,” என்றார். “இனி நீங்கள் அந்த அறைக்குப் போகக் கூடாது.”

வியாழக்கிழமைக் கூட்டம் இரண்டு வாரம் தவணை கொடுத்தது. காரணம் உண்மையென்றால் அந்தச் சொல் இல்லாமல் அவர் நிற்கக் கூடாது. நிற்காவிட்டால் அறையிலேயே இருக்கலாம். நின்றால் இரண்டாம் மாடி. மகள் சம்மதித்தார். என்னை அதே மாடியில் தாழ்வாரத்தின் மறுகோடிக்கு மாற்றி, கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வைத்தார்கள். ஊழியர் அறைக் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள்: வசிப்பவர்களின் காதுபட பிரெஞ்சு அல்லது ஆங்கிலம் மட்டும். வடமராட்சிப் பெண் நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் மாடிப்படியில் எதிரே வந்து, தலையைக் குனிந்து, “பொன்சூர், மெஸ்யு,” என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் அதுதான் சமாதானம்.

“என்னவாம்?” என்று மெல்லக் கேட்டேன்.

“ஒண்டுமில்லை. அஞ்சு நாளும் படுத்தே கிடக்கிறார். உங்கடை பேப்பர் சரிதான்.”

அன்று வீட்டுக்கு மெத்ரோ ரயிலில் போகும்போது எனக்கு உட்கார இடம் கிடைத்தது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். நிம்மதி என்றால் என்னவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஆறாம் நாள் காலை ஏழே காலுக்கு அவள் தாழ்வாரம் முழுவதும் நடந்து என்னிடம் வந்தாள். அறிவித்தலை மறந்து தமிழில் சொன்னாள்.

“நிக்கிறார் அண்ணை.”

“ஆர் என்ன சொன்னது?”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. விளக்குக்கூடப் போடேல்லை. நாங்கள் போகேக்கையே எழும்பி நிக்கிறார்.”

ஏழாம் நாளும் நின்றார். ஒன்பதாம் நாள் யாரும் அறைக்கு வருமுன்பே எழுந்து, நின்று, விழுந்து, கன்ன எலும்பில் அடிபட்டுக் கிடந்தார். கட்டில் விரிப்பை அவரே சுருக்கமில்லாமல் இழுத்து விட்டிருந்தார் என்று ஹெய்ட்டிப் பெண் கோப்பில் எழுதினாள். அவள் நன்றாகக் கவனிப்பவள். என் ஊகம் இதுதான்: ஆறு வாரம் கூப்பிட்டேன். பிறகு கூப்பிடுவது நின்றது. கூப்பிடாத காலையில் அவர் பிந்திவிடக் கூடாதென்று முந்தி எழும்பினார்.

பத்திரிகையில் திருத்தம் போடுவோம். நேற்றைய செய்தியில் இன்னதை இன்னதென்று திருத்தி வாசிக்கவும், தவறுக்கு வருந்துகிறோம். அது அச்சேறியதும் மேசையில் எங்களுக்கு மனம் ஆறிவிடும். நேற்றைய பத்திரிகையை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிவருகிறவர் யாரும் இல்லை.

மாடி மாற்றுவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். அன்று நானும் இருக்க வேண்டும் என்று மகள் தலைமைத் தாதியிடம் கேட்டிருந்தார். தகப்பன் எப்படி விழுவார் என்பது எனக்குத் தெரியும் என்பது மகள் சொன்ன காரணம். நான் போனபோது மணி ஏழரை. அவர் நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் காயம் மஞ்சளாகியிருந்தது. சக்கர நாற்காலி வாசலில் தயாராக இருந்தது. மகள் அவர் முன்னால் நின்று இத்திஷில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“போய்விட்டார்கள் என்று. எல்லாரும் போய்விட்டார்கள், உட்காரலாம் என்று.”

கலைந்து போகலாம் என்ற கட்டளைக்கும் முகாமில் ஒரு ஜெர்மன் சொல் இருந்திருக்கும். அதைச் சொன்னால் அவர் உட்காரக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. மகளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

“அந்த மொழியில் நான் என் தகப்பனுக்குக் கட்டளை போடமாட்டேன்,” என்றார், நான் கேட்காமலே.

அவர் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. விழக்கூடியவரைத் தாங்க அவரது பலவீனமான பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. கோப்பின்படி அவரது பலவீனமான பக்கம் இடப் பக்கம். நான் இடப் பக்கத்தில் போய் நின்று, மடிந்த முழங்கைக்குள் என் கையைக் கொடுத்தேன். முழங்கை இறுகியது. அந்த வயதுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, உதடு அசையாமல், ஏதோ சொன்னார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

“‘விழாதே, இன்னும் எண்ணுகிறார்கள்’ என்கிறார்.”

நான் விழாமல் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. வெளியே பனி அள்ளும் சங்கு இரண்டு தடவை ஊதியது. முப்பத்தொரு நிமிடம். பிறகு அவர் முழங்கால்கள் மடிந்தன. பாரம் என் கைக்கு வந்தது. மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருத்தினோம். இடது கை மட்டும் இறங்கவில்லை. அப்படியே போர்வையைப் போர்த்தினேன்.

லிப்டில் இரண்டாம் மாடிக்குப் போனோம். அங்கிருந்த ஊழியர் உள்ளிருந்து கதவைத் திறந்தார். கதவு எங்களுக்குப் பின்னால் மூடியபோது சின்ன மின்சாரச் சத்தம் ஒன்று வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊழியர் பலகையில் இருந்த எண்ணிக்கையை அழித்து ஒன்று கூட்டி எழுதினார். அந்த மாடியில் ஒவ்வொரு முறை ஊழியர் வேலை மாறும்போதும் வசிப்பவர்களின் தலை எண்ணுவது விதி. மகள் அந்தப் பலகையைப் பார்த்தார்.

அவரை மீன்தொட்டிக்கு முன்னால் விட்டோம். மகள் அவர் தலைமயிரைக் கையால் ஒதுக்கி, நெற்றியில் தையல் தழும்புக்குப் பக்கத்தில் முத்தமிட்டார். பிறகு நாங்கள் இருவரும் கதவுக்குத் திரும்பி வந்தோம்.

வெளியே போவதற்கான நான்கு இலக்கமும் எண்பெட்டிக்கு மேலேயே ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே இருப்பவர்களில் யாருக்கும் அது என்னவென்று விளங்காது. அதனால் மறைக்கத் தேவையில்லை. மகள் அதை இரண்டு தடவை வாசித்தார். ஒவ்வொரு இலக்கமாக அமுக்கினார். கதவு திறந்தது.